கிலோ கணக்கில் அடங்காத வேலை

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் விட்டம்தான். 50 மீட்டர் ரைஃபிளில் பத்து மதிப்பெண்ணுக்கான வளையம் 10.4 மில்லிமீட்டர். இந்த எண்களை எத்தனையோ முறை படித்திருந்தாலும், அவற்றின் கனம் உறைத்தது செம்பரம்பாக்கத்தில் ஒரு தகரக் கொட்டகைக்குள் நின்றபோதுதான்.

அழைத்துப் போனவர் நண்பர். சென்னையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடுதல் பயிற்சி தருகிறார். சொந்தத் தளம் இல்லை. வார இறுதியில் ஒரு பள்ளியின் அரங்கத்தில் இலக்குகளை நிறுத்தி, பயிற்சி முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி வண்டியில் ஏற்றியாக வேண்டும். ஏர் ரைஃபிள் போட்டியில் நின்றபடிதான் சுட வேண்டும். துப்பாக்கி ஐந்தரை கிலோ வரை இருக்கலாம். புதிதாக வரும் பிள்ளையிடம் அதைக் கொடுத்து நிற்கச் சொன்னால், குறி பார்க்கக் கற்பதற்குள் தோள் சோர்ந்துவிடும். அதனால் ஆரம்பத்தில் மேசைமேல் மணல் பை வைத்து, துப்பாக்கியை அதில் தாங்கவைத்து, கண்ணுக்கும் விரலுக்கும் மட்டும் பயிற்சி தருகிறார். எந்தப் பெல்லட் எந்தக் குழலுக்கு ஒத்துவருகிறது என்று சோதிக்கவும் அதே மேசைதான். அவரிடம் இருந்ததோ பந்தலில் போடும் மடக்கு மேசை. பிள்ளை மூச்சு விட்டாலே அதுவும் சேர்ந்து அசைந்தது. அசையாத, கழற்றி எடுத்துப் போகக்கூடிய மேசை ஒன்றைச் செய்து வாங்கத்தான் அந்தத் தகரக் கொட்டகைக்குப் போனோம்.

பூந்தமல்லி தாண்டி பெங்களூரு சாலையில் போனால், புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்கள் வரிசையாக எதிரே வரும். சாலையிலிருந்து உள்ளே திரும்பி, ஏரிப் பக்கம் போகும் தெருவில் அந்தப் பட்டறை. அதை நடத்தும் மேஸ்திரிக்கு வந்தவாசிப் பக்கத்து ஊர். ஐடிஐயில் வெல்டர் படிப்பு. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் ஆலை ஓடத் தொடங்கியதும், அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்தன. அந்த அலையில் வேலைக்கு வந்தவர். காண்ட்ராக்ட் தொழிலாளியாக ஃபிக்ஸர் அடிக்கும் பட்டறைகளில் பல வருஷம் இருந்தார். ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் ஆலை வந்தபோது வேலை பெருகியது. நிரந்தரம் மட்டும் ஆகவில்லை. பிறகு சொந்தமாக ஒரு வெல்டிங் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், காயலான் கடையில் எடைக்கு வாங்கிய கடைந்த இரும்புப் பலகை ஒன்று. அவ்வளவுதான் முதலீடு.

ஃபிக்ஸர் என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இவர் மேசையைப் புரிந்துகொள்ள முடியும். காரின் கதவுத் தகட்டை வெல்டிங் செய்யும்போது, ஒவ்வொரு தகடும் முந்தைய தகடு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார வேண்டும். அதற்கான தாங்கிதான் ஃபிக்ஸர். அடியில் மூன்று புள்ளி, பக்கத்தில் இரண்டு, முனையில் ஒன்று என்று தொட்டுவிட்டால் பொருள் எந்தப் பக்கமும் நகர இடமில்லை. உலகெங்கும் இதற்கு 3-2-1 விதி என்று பெயர். அடியில் நான்காவதாக ஒரு புள்ளி வைத்தால் கெட்டது. நான்கும் ஒரே மட்டத்தில் அமைவது அரிது என்பதால் ஏதோ ஒன்று தூக்கிக்கொள்ளும்.

"நாலு காலு வச்சா ஒண்ணு எப்பவும் அந்தரத்துல நிக்கும் சார். மூணு காலு மேட்டுல வச்சாலும் உக்காந்துக்கும், பள்ளத்துல வச்சாலும் உக்காந்துக்கும்."

"சாஞ்சிடாதாண்ணே?"

"பாரம் மூணு காலுக்கு உள்ளாற விழுந்தா சாயாது. அதுக்குத்தானே காலை விரிக்கிறது."

மேற்பலகை 19 மில்லிமீட்டர் பிளைவுட். முன்புறம் அகலம், பின்புறம் குறுகிய வால். வலக்கைப் பிள்ளையானாலும் இடக்கைப் பிள்ளையானாலும் வாலின் ஏதோ ஒரு பக்கம் நெஞ்சை ஒட்டி உட்காரலாம். முன்கால்கள் இரண்டும் பலகையின் மூலைகளுக்கு வெளியே போய்த் தரையில் ஊன்றுகின்றன. பின்கால் ஒன்று, வாலின் அடியில். உட்காரும் ஸ்டூலை மேசையோடு சேர்க்கவே கூடாது என்று நண்பர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சேர்த்தால் உடம்பின் ஒவ்வொரு அசைவும் துப்பாக்கிக்குப் போய்ச்சேரும்.

சிக்கல் முழுக்கக் கழற்றும் இடத்தில் இருந்தது. பலகையின் அடியில் ஒன்றரை இஞ்ச் சதுரப் பைப்பில் உறை. அதற்குள் ஒன்றேகால் இஞ்ச் பைப்பில் கால். உறையின் தகடு 2 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் உள்ளே 34 மில்லிமீட்டர், நுழைவது 32. இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி மிச்சம். உறையின் ஆழம் 15 சென்டிமீட்டர் என்றால், 70 சென்டிமீட்டர் காலின் அடிநுனியில் அது 9 மில்லிமீட்டர் ஆட்டமாகிவிடும். மேலே என்ன ஆகும்? துப்பாக்கியைத் தாங்கும் முன் பைக்கும் பின் பைக்கும் அரை மீட்டர் தூரம் இருந்து, பின்புறம் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்தால், 50 மீட்டர் தள்ளி அது 10 மில்லிமீட்டர் விலகல். அதாவது, பத்து மதிப்பெண் வளையத்தின் முழு அகலம்.

சட்டைப் பையிலிருந்து மேஸ்திரி ஃபீலர் கேஜை எடுத்தார். பேனாக்கத்தி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். எண்ணெய் பூசிப் பாலிதீனில் சுற்றி வைத்திருந்தார். பழைய முதலாளி வேலையை விட்டு அனுப்பியபோது கையில் வந்த ஒரே பொருள் அது. பைப்பைச் செய்யும்போதே உள்பக்கம் நெடுக ஒரு வெல்டிங் தழும்பு இருக்கும். அதைத் தட்டை அரத்தால் ராவி எடுத்தார். பிறகு, உறையின் முகத்தில் அல்லாமல் அதன் மூலையில் துளையிட்டு, அங்கே நட்டை வைத்துப் பற்றவைத்தார். எதற்கு மூலையில் என்று எனக்கு விளங்கவில்லை. போல்ட்டைத் திருகிக் காட்டினார். மூலையிலிருந்து தள்ளும் போல்ட், காலை எதிர் மூலைக்குள் கொண்டுபோய் அழுத்துகிறது. இரண்டு முகங்கள் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய பக்கத்தில் கேஜின் ஆக மெல்லிய தகடும் நுழையவில்லை. முகத்தில் நட்டு வைத்திருந்தால் ஒரு திசை ஆட்டம் மட்டும்தான் நின்றிருக்கும். கார்க் கதவுக்குப் பயன்பட்ட அதே விதி, மூன்று உறைகளுக்குள்ளும் அடங்கி இருந்தது. பொறியியல் கல்லூரி எதிலும் படிக்காத மனிதர் இதை வரைபடம் இல்லாமல் செய்தார்.

வெல்டிங்கை ஒரே மூச்சில் இழுக்கவில்லை. நாலு இடத்தில் டேக் அடித்து, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் பற்றவைத்தார். ஒரு பக்கமே போட்டால் சூடு ஆறும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

சோதனைக்குத் துப்பாக்கி கொண்டுவரவில்லை. மணல் பைமேல் லேசர் பேனாவை வைத்து, தெருவுக்கு அப்பாலிருந்த சுவரில் ஒளிப்புள்ளியைப் பார்த்தோம். மேசைமேல் நான் முழங்கையை ஊன்றியபோது புள்ளி கொஞ்சம் இறங்கியது. கையை எடுத்ததும் பழைய இடத்துக்கே திரும்பியது. பந்தல் மேசையில் போன புள்ளி திரும்பி வந்ததில்லை.

கூலி பேசும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. இந்த வட்டாரத்தில் ஃபேப்ரிகேஷன் வேலைக்குக் கூலி கிலோ கணக்கு. அந்தக் கணக்கில், இந்த மேசையை ஆங்கிள் இரும்பில் கனமாக அடித்திருந்தால் அவருக்கு அதிகப் பணம். யோசித்து, எடையைக் குறைத்து, ஒரு ஆள் தூக்கும்படி செய்ததால் குறைந்த பணம். மூளையைச் செலவழித்தவனுக்கு அபராதம் போடும் கணக்கு இது. கார் ஆலைக்கும் இந்தக் கொட்டகைக்கும் நடுவே கம்பெனி, அதற்குக் கீழே கம்பெனி, அதற்கும் கீழே ஒரு காண்ட்ராக்டர். துல்லியத்துக்கான விலையை மேலே இருப்பவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள். துல்லியத்தைச் செய்தவரிடம் தராசைக் காட்டுகிறார்கள். அந்தக் காசும் மூன்று மாதம் கழித்து வருகிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி சிறு பட்டறைக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உரிய கெடுவுக்குள் தராத தொகையை, அதைத் தந்து முடிக்கும் ஆண்டுக்கு முன்பே செலவாகக் காட்ட 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரிச் சட்டமும் இடம் தரவில்லை. சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. "கேட்டா அடுத்த வேலை வராது சார்" என்கிறார் மேஸ்திரி. ஒரே காண்ட்ராக்டரை நம்பிப் பிழைப்பவர் எந்தத் தைரியத்தில் வட்டி கேட்பார்?

நண்பர் கிலோவுக்குப் பேசவில்லை. ஒரு மேசைக்கு இவ்வளவு என்று பேசி, எடுத்துப் போகும்போதே பணத்தைக் கொடுத்தார். துப்பாக்கி சுடும் கிளப் நடத்துகிறவர்களிடமும், பள்ளிகளிடமும் நான் கேட்பதும் அதைத்தான். இந்த மேசை புதுப் பிள்ளைகளுக்கு மட்டுமானதல்ல. சக்கர நாற்காலியிலிருந்து சுடும் பாரா வீரர்கள் படுத்துச் சுடும் பிரிவில் மேசைமேல் முழங்கை ஊன்றித்தான் சுடுகிறார்கள். பாரா துப்பாக்கி சுடும் வீராங்கனை அவனி லேகரா டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக்குகளில் நின்று சுடும் பிரிவில் தங்கம் வென்ற பிறகு, பாரா சுடுதல் பக்கம் வர விரும்பும் பிள்ளைகள் நம் ஊரிலும் இருப்பார்கள். வெளிநாட்டு மேசையை வரவழைக்கும் முன், பெங்களூரு சாலையோரப் பட்டறை ஒன்றில் அளவைச் சொல்லிப் பாருங்கள். உருப்படிக்கு விலை பேசுங்கள், கையோடு கொடுங்கள். மேஸ்திரி இன்னும் இரண்டு மேசைக்கான பைப்பை வெட்டி வைத்திருக்கிறார்.