ஷிப்ட் முடிந்த பிறகு வரும் காய்ச்சல்

"காதுவலிக்கெல்லாமா எமர்ஜென்சிக்கு வர்றது?" டொராண்டோவை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், நள்ளிரவு வரிசையில் ஒரு பெரியவர் சலித்துக்கொண்டார். அவர் பார்த்தது ஓர் இளைஞரை. காலில் கிடங்கு வேலைக்கான இரும்புமுனை பூட்ஸ், ஜாக்கெட் முழுக்க அட்டைப்பெட்டித் தூசி, தோளில் காதைப் பொத்திக்கொண்டு அழும் குழந்தை. "ஃபேமிலி டாக்டர் கிடைக்கலண்ணா. நான் ஷிப்ட் முடிச்சு வர்றதுக்குள்ள வாக்-இன் கிளினிக்கைச் சாத்திடுறாங்க. லீவு போட்டா சம்பளம் போச்சு" என்றார் என்னிடம்.

இதில் அலட்சியம் எங்கே இருக்கிறது? கனடாவில் வைத்தியம் இலவசம் என்று ஊரில் பேசும்போது இந்தப் பகுதி விட்டுப்போகிறது. 2022இல் நடந்த 'அவர்கேர்' கணக்கெடுப்பின்படி, வயதுவந்தோரில் சுமார் 65 லட்சம் பேருக்கு வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் இல்லை. டொராண்டோவை அடுத்து, ஆறு லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் பிராம்ப்டன் நகரில் 2020 ஜனவரியில் நகரசபையே சுகாதார அவசரநிலை அறிவித்தது.

சில்லறை நோய்க்காரர்களால்தான் இவ்வளவு தாமதம் என்பதும் தவறு. வாசலிலேயே நர்ஸ் 1 முதல் 5 வரை தரம் பிரித்துவிடுகிறார். உயிருக்கு ஆபத்தான நிலையில் இருப்பவர் முந்திப் போவார், காதுவலி காத்துக்கிடக்கும். இப்படிச் சில்லறை நோயோடு வருபவர்கள் எட்டு மணி நேரத்தில் பத்துப் பேர் கூடுதலாக வந்தால், மற்றவர்கள் டாக்டரைப் பார்க்க இரண்டு நிமிடம் சொச்சம்தான் தாமதமாகிறது என்று டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தைப் பற்றி 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. வார்டில் படுக்கை கிடைக்காமல் அவசரப் பிரிவிலேயே கிடக்கும் நோயாளிகள்தான் பெரிய அடைப்பு. தவிர, நெஞ்சில் எரிவது வாயுவா மாரடைப்பா என்பதை வீட்டில் உட்கார்ந்து யார் சொல்ல முடியும்?

ஓசூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர் உத்தனப்பள்ளியும் இன்று இதே நிலையில்தான். தக்காளி வண்டிகள் போன ராயக்கோட்டை சாலையில் இப்போது டாடா எலக்ட்ரானிக்ஸ் தொழிலாளர் பஸ்கள். காலை ஓ.பி. நேரத்தில் ஒரு ஷிப்ட் பெண்கள் வேலையில் நிற்பார்கள், இன்னொரு ஷிப்ட் பெண்கள் விடுதியில் அசந்து தூங்குவார்கள். காய்ச்சல் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் இரண்டு மாத்திரை. அடங்காவிட்டால் ராத்திரியில் ஓசூர் ஜி.எச்.

அம்மாவுக்கு மட்டும் நிலைமை மாறியது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர் மாத்திரை இப்போது வீட்டுக்கே வருகிறது. மாத்திரை தீர்ந்து, தலைசுற்றி, அகாலத்தில் வண்டி தேடி ஓடுவது அடியோடு நின்றுவிட்டது. யாரும் அம்மாவுக்குப் புத்தி சொல்லி நிறுத்தவில்லை.

2029க்குள் எல்லோருக்கும் முதல்நிலை மருத்துவம் கிடைக்கும் என்று ஒன்டாரியோ அரசு வாக்குக் கொடுத்திருக்கிறது. அது நிறைவேற வேண்டும் என்று மனமார விரும்புகிறேன். உத்தனப்பள்ளிக்கு நான் கேட்பது இன்னும் சிறியது: ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், இரவு பத்து மணி வரை ஒரு ஓ.பி.