தாளம் தப்பிய இதயம்: அடித்துத் திருத்துவதா, காத்திருப்பதா?

நாடி பிடிக்கப் பழகும் மாணவர்களைக் குழப்புகிற நாடி ஒன்று உண்டு. வேகமாக அடிக்கும், ஆனால் அடுத்த துடிப்பு எப்போது வரும் என்று சொல்லவே முடியாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்குவதை விட்டுவிட்டு, நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும். நடுவில் ஏவி கணு என்ற வாயிற்காப்போன் பாதிக்கு மேல் தடுத்து நிறுத்துவதால்தான் கீழறைகள் 100, 150 என்ற அளவோடு தப்பிக்கின்றன.

திடீரென்று இப்படிப் படபடப்போடு அவசரப் பிரிவுக்கு ஒருவர் வந்தால் என்ன செய்வது?

முதல் கேள்வி தாளத்தைப் பற்றியதல்ல, ஆளைப் பற்றியது. ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் தாமதிக்கக் கூடாது. மயக்கம் கொடுத்து மின் அதிர்ச்சிதான். அதுவும் ஈசிஜியின் ஆர் அலையோடு சேர்ந்து விழ வேண்டும். தப்பித் தவறி டி அலை மேல் விழுந்தால் கீழறைகளும் நடுங்க ஆரம்பித்து உயிருக்கே உலை வைத்துவிடும். 1960களின் தொடக்கத்தில் பெர்னார்ட் லவுன் காட்டிய வழி இது.

சரி, ஆள் தெம்பாக உட்கார்ந்து பேசுகிறார் என்றால்? இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது.

2019-ல் வெளியான நெதர்லாந்தின் ரேஸ் 7 ஆய்வைப் பாருங்கள். படபடப்பு தொடங்கி 36 மணி நேரத்துக்குள் வந்த 437 பேர். ஒரு பாதிக்கு உடனடியாக மருந்தோ மின் அதிர்ச்சியோ கொடுத்தார்கள். மறு பாதிக்கு வேகத்தைக் குறைக்கும் மருந்து மட்டும். 48 மணி நேரத்துக்குள் சரியாகாவிட்டால்தான் அதிர்ச்சி. காத்திருந்தவர்களில் 69 சதவீதம் பேருக்குத் தாளம் தானாகவே திரும்பிவிட்டது! நான்கு வாரம் கழித்துப் பார்த்தால் சீரான தாளத்தில் இருந்தவர்கள், காத்திருந்தவர்களில் 91 சதவீதம், உடனே திருத்தப்பட்டவர்களில் 94 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

கனடாக்காரர்கள் வேறு ரகம். முதலில் புரோக்கெய்னமைடு, பலிக்காவிட்டால் அதிர்ச்சி என்று அங்கேயே முடித்து அனுப்புகிறார்கள். 2020-ல் வெளியான அவர்களது ஆய்வில் இந்த முறையில் 96 சதவீதம் பேருக்குத் தாளம் திரும்பியது. ஆக இரண்டு வழியும் சரிதான்.

ஆனால் இரண்டு வழியிலும் பொதுவான எமன் ஒருவன் உண்டு: ரத்தக்கட்டு. நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கி உறையும். தாளம் திரும்பி அறை மறுபடி சுருங்கும்போது அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போகலாம். அதனால்தான் ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024 வழிகாட்டுதல், முன்பு 48 மணி நேரமாக இருந்த எல்லையை 24 ஆகச் சுருக்கியது. அதைத் தாண்டிவிட்டால், நிலை சீராக உள்ளவருக்கு மூன்று வாரம் ரத்த உறைவைத் தடுக்கும் மருந்து. அல்லது உணவுக்குழாய் வழியே எக்கோ செய்து கட்டி இல்லை என்று உறுதி செய்த பிறகே அதிர்ச்சி.

தாளம் தானாகத் திரும்பினாலும் பக்கவாத ஆபத்து போய்விடுவதில்லை. வயது, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைப் பொறுத்து மருந்து தொடர வேண்டியிருக்கும். மானிட்டரில் கோடு ஒழுங்கானதும் எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இந்த மருந்துச் சீட்டு மறந்துபோகிற நேரமும் அதுதான். என்னைக் கேட்டால், அன்றைய சிகிச்சையில் முக்கியமான ஐந்து நிமிடம் அதை எழுதி, ஏன் என்று புரியவைக்கிற ஐந்து நிமிடம்தான்.