பெயரில்லாத உறுப்பினர்

விஞ்ஞான வரலாற்றை நமது பாடநூல்கள் பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதிவைத்திருக்கின்றன. ஒருவர் சிந்தித்தார், கண்டுபிடித்தார், உலகம் பயன்பெற்றது என்பதே அவற்றின் பாணி. மக்களின் வரலாற்றை மன்னர்களின் வரலாறாக எழுதிய அதே கைதான் இதனையும் எழுதியது போலும்! சுயநிர்ப்பீடன நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியைச் சற்று ஊன்றி நோக்குவோர்க்கு இப்பாணி எத்துணைக் குறையுடையது என்பது புலனாகும்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அவ்வுடலையே பகையெனக் கொண்டு தாக்குவதே இந்நோய்களின் இயல்பு. உடல் தன்னைத் தானே தாக்காது என்பது சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவ உலகில் வேரூன்றியிருந்த நம்பிக்கை. ஹஷிமோட்டோ என்னும் ஜப்பானிய மருத்துவர், நான்கு பெண்களின் தைரொயிட் சுரப்பியில் தாம் கண்ட விந்தையான மாற்றங்களை 1912இல் விவரித்தார். அவற்றின் காரணம் விளங்க நாற்பதாண்டுகளுக்கு மேல் சென்றன. 1956இல் இலண்டன் மிடில்செக்ஸ் வைத்தியசாலையில் டெபொரா டோனியாக், ஐவன் ரோயிற், பீற்றர் காம்ப்பெல் முதலியோர், நோயாளரின் சீரத்தையும் தைரொயிட் சாற்றையும் ஏகார்ப் பசையில் எதிரெதிரே வைத்தனர். இரண்டும் சந்தித்த இடத்தில் வெண்கோடு ஒன்று படிந்தது. நோயாளரின் குருதியில் அவர்தம் சுரப்பிக்கே எதிரான பிறபொருளெதிரி இருந்ததென்பதற்கு அக்கோடே சான்று. அதே ஆண்டில் அமெரிக்காவின் பபலோ நகரில் ரோஸ், விற்றெப்ஸ்கி ஆகிய இருவர் முயல்களில் அத்தகைய நோயை உண்டாக்கிக் காட்டினர்.

அந்த வெண்கோட்டில் ஒரு பாதி நோயாளரின் குருதி. ஆய்வுக் குழுவின் உறுப்பினர் என அவரை எவரும் எண்ணுவதில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆய்வொன்று நடந்தது. கண்டக்கழலையைத் தடுக்கும் பொருட்டு, மக்கள் உண்ணும் உப்பில் அயடீன் சேர்க்கப்பட வேண்டும் என 1995இல் இலங்கையில் சட்டமாயிற்று. கடலில் விளையும் உப்பாயிற்றே, அதில் அயடீன் இராதா என நம் கரையோர மக்கள் வினவுவதுண்டு. வெயிலில் விளையும் உப்பில் எஞ்சுவது மிகச் சொற்பமே. பொற்றாசியம் அயடேற்றைத் தனியே சேர்க்கத்தான் வேண்டும். இத்திட்டம் நல்ல திட்டம், அதில் ஐயமில்லை. ஆயின் அயடீன் திடீரென மிகும்போது சிலரில் சுயநிர்ப்பீடனம் கிளர்வதுண்டு. இதனை ஆராய்ந்த பிரேமவர்தன முதலானோரும் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் ஆய்வாளரும் 11 முதல் 16 வயது வரையான 367 பாடசாலை மாணவியரின் குருதியைப் பரிசோதித்தனர். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வின்படி, தைரொகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரி 11 வயதினரில் நூற்றுக்கு 14.3 பேரிடமும், 16 வயதினரில் நூற்றுக்கு 69.7 பேரிடமும் இருந்தது. பிறபொருளெதிரி உள்ளோர் அனைவரும் நோயாளரல்லர் என்பதை இங்கு வற்புறுத்த வேண்டும். 2003இல் வெளியான தொடராய்வு அவ்வீதம் தணிந்திருந்ததையும் காட்டியது. உப்புத் திட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை, அளவைக் கண்காணித்து வருதலே வேண்டும் என்பதற்கு இவ்வாய்வுகள் துணையாகின்றன.

காங்கேசன்துறையில் நான் தமிழ் கற்பிக்கும் வகுப்பில் மாணவி ஒருத்தி இருக்கிறாள். செய்யுளை ஒருமுறை கேட்டால் ஒப்புவிப்பவள், சென்ற ஆண்டில் மேசைமீது தலைசாய்த்து உறங்கத் தொடங்கினாள். குரல் கரகரத்தது, முகம் ஊதியது. "சோம்பல், ரீச்சர், அடிச்சால் சரிவரும்" என்றார் தாயார். வறுமையும் இடப்பெயர்வும் தின்ற குடும்பம் அது. தாயாரைக் குறைகூற என் நா எழவில்லை. வைத்தியசாலையில் குருதியைப் பரிசோதித்த பின்னரே தைரொயிட் சுரப்பு மிகக் குறைந்திருந்தமை தெரிந்தது. இப்போது விடியற்காலையில் வெறும் வயிற்றில் ஒரு குளிசை. உறக்கம் போய்விட்டது. ஆனால், "குமர்ப்பிள்ளை, வெளியிலை சொல்லிப்போடாதேங்கோ" எனத் தாயார் என் கையைப் பற்றிக் கேட்டுக்கொண்டார். இந்நோய் பெண்களையே பெரிதும் பற்றுவது. கலியாணச் சந்தையின் அச்சம் அதனை மேலும் மறைக்கிறது. மறைத்த நோய்க்கு மருந்து தவறும். மருந்து தவறினால் படிப்புத் தவறும்.

இதனை எண்ணியே, அவளைச் சுட்டாமல், மேற்கூறிய ஆய்வின் சாரத்தை விஞ்ஞான ஆசிரியரும் நானும் தமிழில் எழுதி வகுப்பில் வாசித்தோம். சுயநிர்ப்பீடனம் என்ற சொல்லுக்கே அரைமணி நேரம் சென்றது. தமிழில் சொல் இருப்பது வேறு, பொருள் விளங்குவது வேறு அன்றோ! நூற்றுவீதங்களைக் கரும்பலகையில் எழுதியதும் வகுப்பு அமைதியாயிற்று. அவர்களின் வயதுதானே அது!

பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "அந்த 367 பேருக்கும் பேர் இல்லையோ, ரீச்சர்?" என்றாள். நோயாளரின் அந்தரங்கம் காப்பது ஆராய்ச்சி நெறி, ஆதலால் பெயர் எழுதுவதில்லை என விஞ்ஞான ஆசிரியர் விளக்கினார். அவ்விளக்கம் சரியானதே. அவள் அமரவில்லை.

"அப்ப அவையள் இதை வாசிக்கேக்கை, இது தங்கடை இரத்தம் எண்டு எப்பிடித் தெரியும்?"

அந்த மாணவியர் இன்று நாற்பது வயதை அண்மிய பெண்கள்; பலர் தாய்மாராகவும், சிலர் என்னைப்போல் ஆசிரியைகளாகவும் இருப்பர். ஆய்வுக் கட்டுரையோ ஆங்கிலத்தில் இருக்கிறது.