தலைக்குந்தாவில் நான்கு விநாடி

ஊட்டியை அடுத்த தலைக்குந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. ஜனவரி மாதம், காலை ஆறரை மணி. இந்த உறைபனியைப் பார்க்கத்தான் நெய்வேலியிலிருந்து சேலம், மேட்டுப்பாளையம் வழியாக முந்தின நாள் முழுக்கக் காரோட்டி வந்திருந்தோம். ராத்திரி முழுக்க வெளியில் நின்ற காரின் கூரையை விரலால் கீறினால் பனி பொடிப்பொடியாக உதிர்ந்தது. இன்ஜின் முதல் திருப்பிலேயே பிடித்தது. கியரை டி-யில் போட்டுப் பிரேக்கை விட்டேன். வண்டி அசையவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல ஒரு குலுக்கலோடு நகர்ந்தது. ரிவர்ஸ் போட்டாலும் அதே தாமதம்.

அது அப்பாவின் கார். சுரங்க வேலையில் இடது முழங்கால் தேய்ந்துபோய், கிளட்ச் மிதிக்க முடியாது என்பதற்காகவே ஆட்டோமேட்டிக்காகத் தேடி வாங்கினார். 15 வருடம் முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாகிவிட்டது. மீட்டர் 1,80,000 கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. மார்கழிக் காலைகளில் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே அரை விநாடி தயங்கும். வயசான வண்டி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். நெய்வேலிக் குளிர் என்பது 20 டிகிரி. ஊட்டியோ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே அரை விநாடி நான்கு விநாடி ஆகிவிட்டது.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஆயில் வெறும் வழுவழுப்புக்காக இல்லை. பம்ப் அதை உறிஞ்சி அழுத்தத்தோடு தள்ளினால்தான் உள்ளே கிளட்ச் தட்டுகள் ஒன்றையொன்று கடிக்கும். குளிரில் ஆயில் தடித்துப்போகும், சுருங்கி மட்டமும் இறங்கும். அந்தத் தட்டுகளை அழுத்தும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் வயதாகி விறைத்திருந்தால் அழுத்தம் ஓரமாகக் கசியும். சூடேறினால் அவை இளகி அடைத்துக்கொள்ளும். அன்று ஆக்சிலேட்டரை அழுத்தாமல், நியூட்ரலில் பத்து நிமிடம் ஓடவிட்டுக் கிளம்பினேன். மேட்டுப்பாளையம் வெயிலுக்கு வந்தபோது வண்டி பட்டுப்போல ஓடியது. அங்கே ஒரு மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, “நல்லாத்தானே சார் இருக்கு?” என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த வெயிலில் தெரிகிற கோளாறு இல்லை அது.

நெய்வேலியை அடுத்த மந்தாரக்குப்பத்தில் ஒருவர் இருக்கிறார். சுரங்கத்தில் புல்டோசர் ரிப்பேர் பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டோமேட்டிக் கார்போலப் புல்டோசரிலும் டார்க் கன்வெர்ட்டர்தான் என்பதால், கார்களில் ஆட்டோமேட்டிக் அதிகம் வராத காலத்திலேயே அதை அறிந்தவர். ஊர் திரும்பியதும் நான் போய்ச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “சாவியைக் குடுத்துட்டுப் போ தம்பி. காலையில நான்தான் முதல்ல ஸ்டார்ட் பண்ணணும்” என்றார்.

விடியற்காலையில் போனேன். கண்ணை மூடிக்கொண்டு டி போட்டார், விரல்விட்டு எண்ணினார். ரிவர்ஸ் போட்டு மறுபடி எண்ணினார். “ரெண்டும் லேட்டு. ஒரு கிளட்ச் மட்டும் கெட்டிருந்தா ஒரு பக்கம்தான் லேட்டாகும். முதல்ல ஆயிலைப் பார்ப்போம்.” ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி, சமதளத்தில் இன்ஜின் ஓட ஓட ஸ்டிக்கை உருவினார். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. வெள்ளைத் துணியில் துடைத்தார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் வரக்காப்பி நிறத்தில் இருந்தது. முகர்ந்து பார்த்து, “கருகல் வாசனை இல்லை” என்றபோது அவர் முகத்தில் வந்த தெளிச்சியைப் பார்த்துத்தான் எனக்கு மூச்சு வந்தது.

அடித்தட்டைக் கழற்றினார். கேஸ்கெட் ஓரம் ஈரமாக இருந்தது, ஆயில் குறைந்த வழி அதுதான். தட்டிலிருந்த காந்தத்தில் மைபோலச் சாம்பல் நிறக் குழம்பு. விரலிடையில் தேய்த்துக் காட்டினார். மினுமினுப்பாகச் சில்லு தட்டுப்பட்டிருந்தால் பயப்பட வேண்டியது, இது வயதுத் தேய்மானம்தான் என்றார். ஃபில்டர் அடைத்திருந்தது. அதை மாற்றிப் புது ஆயில் ஊற்றினார். கன்வெர்ட்டருக்குள் பழைய ஆயில் தங்கிவிடும் என்பதால் சில வாரம் ஓட்டிவிட்டு இன்னும் இரண்டு தடவை வரச் சொன்னார். ஒரேயடியாக அழுத்தம் கொடுத்துக் கழுவ அவருக்குச் சம்மதமில்லை.

மறுநாள் காலை குவார்ட்டர்ஸ் வாசலில், பனி விலகுமுன் எண்ணிப் பார்த்தேன். ரிவர்ஸ் உடனே கடித்தது. டி மட்டும் இன்னும் கொஞ்சம் தயங்கியது. ஓடிப்போய் அவரிடம் சொன்னேன்.

“அது முன் கிளட்ச் சீல். கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். இப்ப அவசரமில்லை, எண்ணிக்கிட்டே இரு” என்றார்.