உச்சி முகர்தல்

கண் தெரியாதவர், காது கேளாதவர் என்றெல்லாம் சொல்கிறோம். வாசனை தெரியாதவரைச் சொல்ல நம் பேச்சில் ஒரு வார்த்தை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. "சளியா?" என்று கேட்பார்கள், அதோடு சரி.

2021 மே மாதம் கொரோனாவில் அம்மாவுக்கு வாசனை போயிற்று. ஊரே ஆஸ்பத்திரிப் படுக்கைக்கு அலைந்துகொண்டிருந்த நாட்களில், அதை ஒரு நோயாகச் சொல்லவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "உசிரு இருக்குல்ல, போதும்டா" என்றாள்.

அம்மாவின் சமையலுக்குக் கடிகாரம் கிடையாது. கடுகு வெடிப்பதைக் காது சொல்லும். வெந்தயம் சிவந்ததை, நெய் உருகிப் பதம் வந்ததை, மாவு புளித்ததை எல்லாம் மூக்குதான் சொல்லும். இப்போது ஒவ்வொன்றுக்கும் அடுப்பருகிலேயே நிற்க வேண்டியதாயிற்று. எரிவாயுவுக்கு இயல்பில் மணம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அதில் மெர்காப்டன் என்ற நாறும் வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். அந்த எச்சரிக்கை அம்மாவுக்கு எட்டாது. கசிவைக் காட்டும் கருவி ஒன்றை வாங்கித் தரையை ஒட்டி மாட்டினேன். சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது.

பிறகு படிக்க ஆரம்பித்தேன். மூக்கின் மேற்பகுதியில் சில சதுர சென்டிமீட்டர் சவ்வு. அதிலுள்ள நரம்புச் செல்களில் சுமார் 400 வகை ஏற்பிகள். இந்த ஏற்பிகளின் மரபணுக்களை 1991-இல் கண்டறிந்த லிண்டா பக், ரிச்சர்ட் ஆக்செல் இருவருக்கும் 2004-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு வாசனை என்பது எந்தெந்த ஏற்பிகள் சேர்ந்து விழிக்கின்றன என்கிற கோலம். கொரோனா கிருமி பெரும்பாலும் நரம்புச் செல்லைத் தாக்குவதில்லை. அதைத் தாங்கி நிற்கும் துணைச் செல்களைத் தாக்குகிறது. நரம்புச் செல்லோ வாழ்நாள் முழுக்கத் திரும்ப முளைக்கக்கூடியது. இதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது.

செப்டம்பரில் முளைத்தது. ஆனால் கோணலாக. காபி டிகாக்‌ஷன் கருகிய ரப்பராக வீசியது, வெங்காயம் வதக்கினால் சாக்கடை. பாரோஸ்மியா என்கிறார்கள். புதிதாக முளைத்த இழைகள் சரியான இடத்தில் போய்ச் சேராததே காரணம் என்பது ஒரு விளக்கம். சர்வர் அறையில் வயர்களைப் பிடுங்கி, மாற்றிச் செருகிய மாதிரி. இதே கோணல் ஒரு சொல்லுக்கும் நேர்ந்திருக்கிறது. ஐம்புலன்களைப் பற்றிப் பேசும்போது வள்ளுவர் 'நாற்றம்' என்கிறார், வெறும் வாசனை என்ற பொருளில். இன்று அந்தச் சொல்லைக் கேட்டாலே மூக்கைப் பொத்துகிறோம். அம்மா சாப்பாட்டைக் குறைத்தாள். தயிர்சாதம் மட்டும் இறங்கியது.

ஆனால் அவள் அழுதது சாப்பாட்டுக்காக அல்ல. தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த அக்காவுக்கு ஜூலையில் பையன் பிறந்தான். நம் வீடுகளில் கைக்குழந்தையைக் கொஞ்சுவது என்றால் முதலில் உச்சி முகர்வதுதான். அம்மா குனிந்து முகர்ந்தாள், மறுபடியும் முகர்ந்தாள். "யாரு வீட்டுப் பிள்ளையோ மாதிரி இருக்குடா" என்றாள்.

ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழுவினர் 2009-இல் ஒரு பயிற்சியை வெளியிட்டார்கள். ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு நான்கையும் காலையும் மாலையும் 12 வாரம் முகர வேண்டும். எல்லோருக்கும் பலிக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பன்னீர், நீலகிரித் தைலம், எலுமிச்சைத் தோல், கிராம்பு என நான்கு டப்பாக்கள் தயாராயின. ஐந்தாவதாகப் பேரனின் துவைக்காத தொப்பியை அம்மாவே சேர்த்துக்கொண்டாள்.

முதலில் திரும்பியது கிராம்பு. காபி இன்னமும் பாதிதான். பேரனின் தலை வாசனை அவளுக்கு எட்டியபோது அவனுக்கு ஒன்றரை வயது. தெருவெல்லாம் ஓடி, வியர்த்து வந்திருந்தான். பிடித்து நிறுத்தி முகர்ந்தாள். "வெயில் வாசனை" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டாள்:

"பொறந்தப்ப எப்படிடி இருந்துச்சு?"

அக்கா யோசித்தாள். "பால் மாதிரி... தெரியலம்மா, சொல்லத் தெரியல."