சிவப்பு சிலிண்டரும் பச்சை முள்ளும்

தினமும் கடந்து போகிறோம், ஆனால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படி ஒரு பொருள் எது என்று கேட்டால் தீயணைப்பான் என்றுதான் சொல்வேன். பாவம், ஏதோ தூண் மாதிரி நின்றுகொண்டிருக்கும் :)

எங்கள் விடுதி இரண்டாம் மாடியில் ஒன்று உண்டு. போன புத்தாண்டு இரவில் யாரோ பின்னை உருவி, சும்மா ஒரு நொடி அழுத்திப் பார்த்தார்கள். வெள்ளைப் பொடி பறந்தது. சிரிப்பு. பின்னை மறுபடி செருகியாச்சு, மேட்டர் முடிந்தது என்று நினைத்தார்கள்.

மார்ச்சில் ரீஃபில் செய்ய ஒரு அண்ணன் வந்தார். முள் பச்சையில் இல்லை, சிவப்பில் கிடந்தது.

"ஒரு நொடிதானே அழுத்தினாங்க, மீதி கேஸ் எங்கண்ணே போச்சு?"

"பொடி வால்வு வாயில ஒட்டிக்கும் தம்பி. அப்புறம் முழுசா மூடாது. நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சிடும். ஒரு நொடி அடிச்சாலும் ரீஃபில் பண்ணித்தான் ஆகணும்."

தூக்கிப் பார்த்தால் கனமாகத்தான் இருந்தது. பொடி இருக்கிறது, அதை வெளியே தள்ள அழுத்தம் இல்லை. அவ்வளவுதான் விஷயம்!

கம்ப்யூட்டர் லேபில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கதை வேறு. அதில் முள்ளே கிடையாது. எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். உள்ளே இருக்க வேண்டிய வாயுவில் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் ரீஃபில். 5 வருடத்துக்கு ஒருமுறை தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்து, சிலிண்டர் தாங்குகிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

பொடியிலும் சாதி உண்டு. ஏபிசி பொடியில் இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட். சாதா பொடியில் சோடியம் பைகார்பனேட், அதாவது நம்ம சோடா உப்பு. இரண்டையும் கலந்தால் வினை நடந்து வாயு உண்டாகும், பொடியும் கட்டி தட்டும். அதனால் எது இருந்ததோ அதையேதான் நிரப்ப வேண்டும்.

இதெல்லாம் சரி. அந்தச் சிலிண்டரில் தொங்கிய அட்டையைப் பார்த்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. ஜனவரி, சரி. பிப்ரவரி, சரி. இரண்டுக்கும் கையெழுத்து! பொடி அடித்தவன் மேல் வந்த கோபத்தைவிட இந்தக் கையெழுத்து மேல்தான் எனக்கு அதிகக் கோபம். எங்கள் மாடியில் 40 பேர் தூங்குகிறோம். இரண்டு மாதமும் அந்த அட்டையை நம்பித்தான் தூங்கியிருக்கிறோம்.

இன்று படி இறங்கும்போது 10 நொடி நின்று பாருங்கள். முள் பச்சையில் இருக்கிறதா, பின்னும் சீலும் இருக்கிறதா, குழாய் வெடித்திருக்கிறதா. அட்டையைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.