தூரமா, கிட்டவா?

எங்கள் வீட்டில் கண்ணுக்கு வரும் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: சதை. பாட்டிக்குச் சதை வளர்ந்தது. பெரியப்பாவுக்குச் சதையை வெட்டி எடுத்தார்கள். பக்கத்து வீட்டு ஆயாவுக்குச் சதை மூடிக் கண்ணே போய்விட்டது. அம்மாவும் தனக்கு வந்திருப்பது சதைதான் என்று முடிவு செய்திருந்தாள். சுகாதார கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு 'கத்தாராக்' என்று எழுதி, பெரிய மருத்துவமனையின் கண் பிரிவுக்கு ஒரு சூராட் கொடுத்தார். வெளியே வந்ததும் அம்மா, "சதைதானே, சொரண்டி எடுத்துருவாங்க" என்றாள்.

வெயிலில் பல வருடம் வேலை செய்தவர்களுக்கு வெள்ளை விழியின் ஓரத்திலிருந்து கருவிழியின் மேல் முக்கோணமாக ஒன்று படர்வதுண்டு. உண்மையில் அதுதான் சதை வளர்ச்சி. தோட்டத்தில் பலருக்கு அதைப் பார்த்திருக்கிறோம். புரை வேறு. கருமணிக்குப் பின்னால் இருக்கும் லென்ஸே மங்கிப்போவது. மேலே சொரண்ட எதுவும் இல்லை. உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டும்.

இதைச் சொன்னதும் அம்மா கேட்டது, "இன்னொன்னுன்னா, செத்தவங்களோடதா?"

"இல்லம்மா, பிளாஸ்டிக்கு மாதிரி."

"கண்ணுக்குள்ள பிளாஸ்டிக்கா?"

அதற்கு ஒரு கதை இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் போர் விமானங்களின் கண்ணாடிக் கூடு உடைந்து, அதன் துண்டுகள் சில விமானிகளின் கண்ணில் பாய்ந்தன. அது அக்ரிலிக்.  இந்தத் துண்டுகளைக் கண் ஒன்றும் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. ஹெரால்ட் ரிட்லி என்கிற கண் மருத்துவர் இதைக் கவனித்தார். 1949இல் லண்டனில் முதன்முதலாக அதே வகைப் பொருளில் செய்த லென்ஸை ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அம்மா முழுவதும் கேட்டுவிட்டு, "ஜப்பான்காரன் காலத்துலயா?" என்றாள். பாட்டி சொன்ன பசிக் கதைகள் எல்லாம் அந்தக் காலத்தவை. அந்தச் சண்டையிலிருந்து நல்லதாக ஒன்று வந்தது என்பதை நம்ப அவளுக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

சிறப்பு மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் செய்ய வேண்டியவற்றை நான் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். ஐசி, சூராட், அம்மா தினமும் போடும் மாத்திரைகள். மாத்திரையின் பெயரை எழுதிக்கொண்டு போவதைவிடப் பையோடு தூக்கிப் போவது நல்லது. இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை உண்டா என்று கேட்பார்கள். ஆண்களிடம் சிறுநீர் போவதற்காகச் சாப்பிடும் மாத்திரையைப் பற்றியும் கேட்பார்கள். அந்த வகையில் சில, அறுவையின்போது கருமணியைச் சுற்றியிருக்கும் திரையைத் தளர்த்திவிடும். முன்பே தெரிந்தால் டாக்டர் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார். கருமணி விரிய மருந்து விடுவார்கள், சில மணி நேரத்துக்குப் பார்வை மங்கும், வெளிச்சம் கூசும். அதனால் ஒரு கருப்புக் கண்ணாடியும் காடி ஓட்ட ஓர் ஆளும் வேண்டும். ஆள் அண்ணன்.

அன்றைக்கு அம்மாவின் கண்ணை அளந்தார்கள். முகவாயை ஒரு தாங்கியில் வைத்து, ஓர் ஒளியைப் பார்க்கச் சொன்னார்கள். கண்ணின் நீளமும் கருவிழியின் வளைவும் தெரிந்தால்தான் எந்தச் சக்தி உள்ள லென்ஸ் என்று கணக்குப் போட முடியும். பிறகு டாக்டர், மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும், அம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"மாக்சிக் நாக் நம்பாக் ஜாவ், அத்தாவ் டெக்காட்?"

தூரமாகப் பார்க்க வேண்டுமா, கிட்டவா. மொழிபெயர்க்க நான் வாயெடுப்பதற்குள் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. பாசாரில் நாற்பது வருடம் பேசிய மலாய் அது. ஆனால் பதில் வரவில்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் "ஜாவ், டாக்டர்" என்றான். டாக்டர் அவனைப் பார்க்காமல் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கம் திரும்பி, "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லு" என்றாள். அடுத்த முறை வரும்போது சொல்லலாம் என்றார் டாக்டர்.

நமக்குப் பிறவியில் இருக்கும் லென்ஸ் இளமையில் தன் வடிவத்தை மாற்றிக்கொண்டு தூரத்தையும் கிட்டத்தையும் மாறி மாறிப் பிடிக்கும். வழக்கமாக வைக்கும் செயற்கை லென்ஸால் அது முடியாது. ஒரு தூரத்துக்குத்தான் அது தெளிவு. பெரும்பாலானவர்கள் தூரத்தைக் கேட்கிறார்கள், படிக்க மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள். கிட்டத்தைக் கேட்டால் மைனஸ் இரண்டரை என்கிற அளவில் வைப்பார்கள். அப்படியென்றால் ஏறக்குறைய 40 சென்டிமீட்டரில் எல்லாம் துல்லியமாக இருக்கும். வாசலையும் சாலையையும் பார்க்கக் கண்ணாடி தேவைப்படும்.

வீட்டில் அண்ணன் விடவில்லை. "தூரம்தான்ம்மா நல்லது. வாசல்ல யாரு வர்றான்னு தெரிய வேணாமா?"

அம்மா நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையால் தடவித் தடவித்தான் கிள்ளினாள். "யாரு வந்தாலும் கிட்ட வந்துதானே பேசணும்" என்றாள்.

அண்ணன் அதைத் தமாஷாக எடுத்துக்கொண்டான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா கெடாவில் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவள். குளிரில்தான் பால் நன்றாக இறங்கும் என்பதால் விடிவதற்கு முன்பே, தலையில் கட்டிய விளக்கோடு நிரைக்குப் போய்விடுவாள். உளியால் பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் கூடினால் உளி மரத்தைத் தொட்டுவிடும், காயம் ஆறும்போது புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வரும், பிறகு அந்த இடத்தில் வெட்ட முடியாது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்கள். அவளுடைய பார்வை முழுவதும் கைக்கெட்டும் தூரத்தில் வேலை செய்த பார்வை. வேலையை விட்ட பிறகும் பூக்கட்டுவது, ஊசியில் நூல் கோப்பது, பேத்திக்கு மீனில் முள் எடுப்பது எல்லாமே அந்த 40 சென்டிமீட்டருக்குள்தான். தூரத்தில் இருந்தவற்றையெல்லாம் பார்த்துச் சொல்லக் கிராணியும் கங்காணியும் இருந்தார்கள்.

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் 'உனக்கு எதைப் பார்க்க வேண்டும்' என்று கேட்டதில்லை. அன்று கேட்டார்கள். துணைக்குப் போகிற நாம் வழக்கமாகச் செய்வது, பெரியவர்களுக்கு வரும் கேள்வியை நம் பக்கம் இழுத்துக்கொண்டு சீக்கிரமாகப் பதில் சொல்லி முடிப்பது. வரிசை நீளம், மிஸ்ஸிக்கு அவசரம், காடியை நிறுத்திய இடத்தில் சம்மன் போட்டுவிடுவார்கள். ஆனால் பதில் அவளுடையது. தயாராவது என்றால் அவள் அந்தப் பதிலைச் சொல்லத் தயாராவதும்தான் என்று எனக்கு அன்று பட்டது.

அடுத்த வருகையில் அம்மாவே சொன்னாள்: "டெக்காட்." டாக்டர் ஒருமுறை விளக்கிவிட்டு மறுபடி கேட்டார். மறுபடியும் "டெக்காட்" என்றாள். படிவத்தில் கையெழுத்தும் அவளே போட்டாள்.

அறுவைக்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு பயிற்சி. அன்றைக்கு முகத்தில் துணி போட்டு, அறுவை செய்யும் கண் மட்டும் தெரிகிற மாதிரி மூடுவார்கள். மயக்க ஊசி கிடையாது, கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். இருபது, முப்பது நிமிடம் ஆடாமல் மல்லாந்து படுக்க வேண்டும். துணி என்றதும் அம்மா பயந்தாள். "பொணத்துக்குத்தான் மூஞ்சிய மூடுவாங்க." தினமும் சாயங்காலம் அவளைக் கூடத்தில் படுக்க வைத்து முகத்தில் ஒரு துண்டைப் போட்டேன். முதல் நாள் மூன்று நிமிடம். ஐந்தாம் நாள் இருபது நிமிடம், குறட்டையோடு. 'ஜாங்ஙான் கெராக்' என்றால் ஆடாதே. இருமல் வந்தால் இருமுவதற்கு முன் 'பாத்தோக்' என்று சொல்ல வேண்டும். கையைத் தூக்கிக் கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது. இதைப் பேத்தி பரீட்சை வைத்துக் கேட்டாள்.

முந்தின நாள் தலைக்குக் குளித்தாள், பிறகு கொஞ்ச நாளைக்குக் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. எண்ணெய், பவுடர் வேண்டாம். முப்பது வருடமாகக் கழற்றாத மூக்குத்தியைச் சோப்புப் போட்டுக் கழற்றினோம். அது போன இடத்தில் சின்னதாய் ஒரு துளை, அம்மாவின் முகத்தையே வேறு யாருடையதோ மாதிரி ஆக்கிவிட்டது.

காலையில் கண்ணுக்கு மேல் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டார்கள். திரும்பத் திரும்ப மருந்து விட்டார்கள். மத்தியானம் நாங்கள் வீட்டில் இருந்தோம். "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன். "தண்ணிக்குள்ள கெடந்து சூரியனப் பாத்த மாதிரி" என்றாள். தூங்கும்போது கண்ணுக்கு மூடி, நேரத்துக்கு நேரம் சொட்டு மருந்து, கனமான வாளி தூக்கக் கூடாது. இந்தக் கடைசியைத்தான் அவளைக் கேட்க வைக்க முடியவில்லை.

மூடியை எடுத்த மறுநாள் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "இது நீலமா? சாம்பல்னுல்ல நெனச்சிருந்தேன்." வயதான லென்ஸ் மஞ்சளாகி நீலத்தை விழுங்கிவிடும். ஒரு கண்ணை மூடினால் வெள்ளைத் தட்டு, மறு கண்ணை மூடினால் அதே தட்டில் தேத்தண்ணி சிந்தின மாதிரி. நாள் முழுக்க இதே விளையாட்டு. சாயங்காலம் நெத்திலியோடு உட்கார்ந்தாள். கை தடவவில்லை.

இடது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி. அண்ணன் இந்தத் தடவை ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் நேற்று ராத்திரி கேட்டாள்:

"ரெண்டு கண்ணுலயும் ஒரே மாதிரிதான் வைக்கணுமா? ஒன்னு கிட்ட, ஒன்னு தூரம்னு வைக்கக் கூடாதா?"

சிலருக்கு அப்படியும் வைப்பார்கள். பழக நாளாகும், எல்லோருக்கும் ஒத்துவராது. ஆனால் அதை நான் சொல்லவில்லை. டாக்டரிடம் மலாயில் எப்படிக் கேட்பது என்று மட்டும் சொல்லிக் கொடுத்தேன்.